தோற்றவர் வீடு திரும்பும் உரிமை

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் ரயில் பாதையில் ஏறக்குறைய நடுவே இருக்கிறது பொத்தேரி. அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். சட்டம் படிக்கிறவர்களும் அவர்களில் உண்டு. பேச்சுரிமை, சமய உரிமை ஆகியவற்றின் தத்துவ வேர்கள் என்ற பாடத்தை எடுத்தால் அவர்கள் முன் முதலில் வந்து நிற்பவை மூன்று ஆங்கிலப் பெயர்கள். 1644-இல் அச்சு உரிமக் கட்டுப்பாட்டை எதிர்த்து எழுதிய மில்டன், 1689-இல் சமயப் பொறையைப் பற்றிக் கடிதம் எழுதிய லாக், 1859-இல் சுதந்திரம் பற்றி நூல் எழுதிய மில். அந்த வரிசையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வேர் அங்கே மட்டும்தான் என்று நம்பிவிட்டால், 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்துக்காரர்கள் எழுந்து பேசியது எதுவும் நமக்குப் புரியாமல் போகும். அவர்கள் லாக்கைப் படித்திருக்கலாம். அவர்கள் பேசியதோ தங்கள் ஊரில் கண்டதிலிருந்து.

பொத்தேரிக்குத் தெற்கே செங்கல்பட்டில், 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடியது. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டுவதை விடவேண்டும், சாதியையும் சமயத்தையும் காட்டும் குறிகளை அணியக்கூடாது, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும், கோயிலுக்கும் சடங்குக்கும் பணத்தைக் கொட்டக்கூடாது என்ற தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. ஒரு பக்கம் சிங்கப்பெருமாள்கோயில், இன்னொரு பக்கம் திருக்கழுக்குன்றம் என்று கோயில்களால் பெயர்பெற்ற ஜில்லாவில் நின்றுகொண்டு இதைச் சொன்னார்கள்.

வடக்கே தாம்பரத்தில், 1938 டிசம்பரில், சர்வதேச மிஷனரிக் கழகத்தின் உலக மாநாடு நடந்தது. முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்தது. ஜப்பான் சீனாவுக்குள் புகுந்ததால் இடம் மாறியது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டுத் தாம்பரத்துக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. புதுக் கட்டடங்களில் ஏறத்தாழ 70 நாடுகளைச் சேர்ந்த சுமார் 470 பேர் தங்கி விவாதித்தார்கள். அரசு தேவாலயத்தை நெருக்கும் நாடுகளின் செய்திகள் எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம் அது. தடையின்றிக் கூடி வழிபடுவது, பிள்ளைகளுக்குச் சமயம் கற்பிப்பது, வெளிப்படையாகப் போதிப்பது, சேர விரும்புகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது ஆகியவற்றை எந்த அரசும் மறுக்கக் கூடாத குறைந்தபட்ச உரிமைகள் என்று அந்த மாநாடு வகுத்துச் சொன்னது.

செங்கல்பட்டுக் கூட்டத்தையும் தாம்பரக் கூட்டத்தையும் ஒரே பந்தலில் உட்கார வைக்க முடியாது. அவர்களுக்கு இவர்கள் இன்னொரு புரோகிதக் கூட்டம். இவர்களுக்கு அவர்கள் நாத்திகர்கள். ஆனாலும் இரு கூட்டத்துக்கும் உயிராக இருந்தது ஒரே உரிமைதான்: பிறப்போடு வந்த நம்பிக்கையை விட்டு வெளியே வா என்று இன்னொருவரை அழைக்கும் உரிமை. அதோடு, அந்த அழைப்பைக் கேட்டு ஒருவர் வெளியே வரும் உரிமையும். இந்த இரண்டாவது பாதியை நம் நீதிமன்றங்கள் ஒரு கட்டத்தில் கைவிட்டன என்பதே என் வாதம். அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

வாதம் செய்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கற்றவர்கள் வாதுக்கு அழைத்துக் கொடி உயர்த்தியிருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப்போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அந்தக் காதைக்குப் பெயரே சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. பௌத்தம் பேசிய குண்டலகேசிக்குச் சமணர் எழுதிய மறுப்பு நீலகேசி. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காபாலிகரையும் பௌத்தத் துறவியையும் பாசுபதரையும் காஞ்சித் தெருவில் நிறுத்தி நையாண்டி செய்து மத்தவிலாசம் என்ற நாடகம் எழுதினான். அவன் குடைவித்த பல்லாவரம் குகை, இதே ரயில் பாதையில் தாம்பரத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. தூண்களுக்கு மேலே அரசனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே பின்னாளில் தர்கா அமைந்தது. மன்னன் வெட்டிய பாறையும் முஸ்லிம்களின் வழிபாடும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்க்கும்போது, இந்த நாட்டுக்குச் சமய உரிமையை வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று சொல்லத் தோன்றும்.

அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதே தமிழ் மரபில்தான் மதுரையில் சம்பந்தரிடம் அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் தோற்ற சமணர்கள் கழுவேறிய கதையும் இருக்கிறது. 8,000 பேர் என்று புராணம் சொல்லும் கணக்குக்கு வரலாற்றுச் சான்று இல்லை. நடந்ததோ இல்லையோ, பல நூற்றாண்டுகள் கோயில் சுவர்களில் ஓவியமாகவும் திருவிழாவாகவும் அந்தக் கதை கொண்டாடப்பட்டது. வாதில் தோற்றவனுக்கு அதுதான் கதி என்று கேட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பேச மேடை இருந்தது. தோற்றவருக்குப் பாதுகாப்பு இல்லை. அரசன் எந்தச் சமயத்தில் இருக்கிறானோ அதற்கு மேடையில் ஒரு பங்கு கூடுதல். மகேந்திரனே சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியவன் என்று மரபு சொல்கிறது. அவன் மாறியதும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளி இடிக்கப்பட்டது என்கிறது பெரியபுராணம். அரசனின் பெருந்தன்மை ஒரு தலைமுறைக்கு நீடிக்கும். உரிமை அதற்குப் பிறகு தொடங்குகிறது: வாதில் தோற்றவர், சிறுபான்மையில் நிற்பவர், ஊரே முகம் சுளிக்கும் கருத்தைச் சொன்னவர், அன்று மாலை பத்திரமாகத் தன் வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் மீண்டும் அதையே சொல்ல முடிய வேண்டும்.

மில்டனும் லாக்கும் மில்லும் இந்த இடத்தில்தான் பெரியவர்கள். நம்பிக்கையை வாளால் உண்டாக்க முடியாது, அரசு அதிகாரியின் கை ஆன்மாவுக்குள் எட்டாது என்று லாக் காட்டினார். பொய் என்று நாம் நினைக்கும் கருத்தையும் அடக்கக்கூடாது, அது எதிரே நிற்காவிட்டால் நம் உண்மையே வெறும் மனப்பாடமாகிவிடும் என்றார் மில். ஆனால் மூவருமே கதவை முழுக்கத் திறக்கவில்லை. மில்டனின் பொறுமை கத்தோலிக்கர்களுக்கு எட்டவில்லை. கடவுளை மறுப்பவரின் சத்தியத்தை நம்பமுடியாது என்று லாக் நாத்திகரை வெளியே நிறுத்தினார். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் இந்தியாவுக்கான கடிதங்களை வரைந்துகொண்டிருந்த மில், தன் கொள்கை இன்னும் முதிர்ச்சி அடையாத சமூகங்களுக்குப் பொருந்தாது என்று எழுதினார். அந்தப் பட்டியலில் நாமும் அடக்கம். ஆக, நாத்திகருக்கும் உண்டு, காலனிய மக்களுக்கும் உண்டு, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கும் உண்டு என்று அந்த உரிமையை விரித்தது யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கான விடையில் ஒரு பெரிய பகுதி சென்னை அச்சகங்களில் இருக்கிறது.

1835-இல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டம் அச்சகத்துக்கு முன்னனுமதி வாங்கும் முறையை நீக்கியது. இந்தியர்கள் அச்சகம் வைக்க வழி பிறந்தது. அதுவரை துண்டுப் பிரசுரம் என்பது பாதிரிமாரின் ஆயுதம். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், அந்த ஆயுதத்தை அருகிலிருந்து பார்த்தவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கம் தொடங்கினார். சில ஆண்டுகளில் சொந்த அச்சகம். 1854-இல் சைவதூஷண பரிகாரம். பிரசங்கம், பள்ளிக்கூடம், துண்டுப் பிரசுரம் என்று மிஷனரிகளின் வழிமுறைகளையே எடுத்துச் சைவத்துக்காகத் திருப்பினார். 1887-இல் சென்னையில் இந்து டிராக்ட் சொசைட்டி தோன்றி அதே வேலையைத் தெருவுக்குத் தெரு செய்தது.

இதைவிடத் துணிந்த காரியம் ஒன்று இதற்குள் நடந்திருந்தது. 1880-களில் சென்னை இலௌகிக சங்கத்தார் தத்துவவிவேசினி என்ற தமிழ் இதழையும் தி திங்க்கர் என்ற ஆங்கில இதழையும் நடத்தினார்கள். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா கடவுள் பெயரால் சத்தியம் செய்வது பற்றிய தகராறில் நாடாளுமன்ற இருக்கைக்காகப் போராடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. இந்தச் சங்கத்தோடு நெருங்கி நின்றவர் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர். அவருடைய 1872-ஆம் ஆண்டு நூல் செங்கல்பட்டு ஜில்லாவின் நிலச் சண்டையைப் பற்றியது: பாயக்காரிகளுக்கும் மிராசுதாரர்களுக்கும் இடையிலான விவாதம். நிலத்தை உழுகிறவனின் உரிமையை மிராசு என்ற பெயரில் மேல்சாதியார் பறித்த கதையை அதில் வாதிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து இந்துமத ஆசார ஆபாச தரிசினி எழுதினார். இந்த இரண்டு நூல்களையும் எழுதிய கை ஒன்றே என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவருக்குச் சமய விமர்சனம் தத்துவப் பொழுதுபோக்கு கிடையாது. பொத்தேரி உட்பட்ட இந்தப் பகுதியின் ஏரிப்பாசன வயல்களில் யார் உழுவது, யார் வாங்கிக்கொள்வது என்ற கேள்வியோடு பிறந்தது அது. லாக் வெளியே நிறுத்திய நாத்திகரை இங்கே தமிழில் உள்ளே அழைத்து வந்தவர்கள் இவர்கள்.

அயோத்திதாசர் இன்னொரு வாசலைத் திறந்தார். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம். 1907-இல் ஒரு பைசாத் தமிழன் இதழ். தாழ்த்தப்பட்டவர்கள் சமயம் மாறுவதை அவர் பழைய வீட்டுக்குத் திரும்புவதாகச் சொன்னார். அந்தப் பௌத்த வட்டத்தில் முக்கியமானவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அறிவியல் கற்பித்த பேராசிரியர் பி. லட்சுமி நரசு. கிறிஸ்தவக் கல்லூரியில் சம்பளம் வாங்கிய ஒருவர் பௌத்தம் பரப்பினார், கிறிஸ்தவத்தைக் கடுமையாக விமர்சித்தார். 1907-இல் வெளிவந்த அவரது பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலை 1948-இல் மறுபதிப்புக்குத் தேர்ந்தெடுத்து முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். அதே ஆண்டில்தான் அவர் அரசியல் நிர்ணய சபையில் சமய உரிமைப் பிரிவை நடத்திக்கொண்டு போனார்.

தாம்பரத்துக்கு மீண்டும் வருகிறேன். அந்த மாநாட்டின் உள்ளே நடந்த சண்டை வெளியே அதிகம் பேசப்படவில்லை. மாநாட்டுக்கென்றே டச்சு அறிஞர் ஹென்ரிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். கடவுள் கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் பிற சமயங்களின் தேடலுக்கும் இடையே பாலம் இல்லை என்பது அதன் சாரம். சென்னையின் இந்தியக் கிறிஸ்தவர்கள் சும்மா இருக்கவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவரும் பின்னாளில் சென்னை மேயருமான வெ. சக்கரை ஆகியோர் சேர்ந்து அதே ஆண்டில் இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது என்ற பொருளில் ஒரு நூலை வெளியிட்டார்கள். சக்கரையும் செஞ்சையாவும் இந்து மரபில் பிறந்து கிறிஸ்தவரானவர்கள். தாங்கள் விட்டு வந்ததை இருட்டு என்று சொல்ல அவர்கள் மறுத்தார்கள். இருவரும் சமயம் மாறியவர்கள். மாற்றப்பட்டவர்கள் என்று யாரும் அவர்களைப் பற்றி எழுதமுடியாது.

1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபை இன்றைய 25-ஆம் பிரிவின் வரைவை விவாதித்தபோது இந்த முன்கதை முழுவதும் அவைக்குள் வந்தது. மனச்சாட்சிச் சுதந்திரம், சமயத்தை ஏற்கவும் ஒழுகவும் பரப்பவும் உரிமை என்ற வாசகத்தில் ‘பரப்பவும்’ என்பது 1947 ஏப்ரலில் சிறுபான்மையினர் துணைக்குழுவில் சென்னையைச் சேர்ந்த எம். ரத்னசாமி வாதிட்டதால் வந்தது. அது இருக்கக்கூடாது என்றார் ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா. இந்துக்களை அடிமையாக்கும் சாசனம் என்றே அந்தப் பிரிவைச் சாடினார். சென்னையின் கே. சந்தானமும் எல். கிருஷ்ணசாமி பாரதியும் எழுந்து அதற்குப் பதில் சொன்னார்கள். டி. டி. கிருஷ்ணமாச்சாரி பேசியதுதான் என் மனதில் நிற்கிறது. ஏறக்குறைய 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தவன் நான், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார். தன் பகுதியில் மதம் மாறுகிறவர்கள் பெரும்பாலும் அது தரும் மரியாதைக்காக மாறுகிறார்கள், தீண்டப்படாதவராக நடத்தப்பட்டவர் கிறிஸ்தவரானதும் சமமாக நடத்தப்படுகிறார் என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். வைஷ்ணவ பிராமணர் ஒருவர், காங்கிரஸ் பெரும்பான்மையாக இருந்த அவையில் நின்று, தன் சமூகத்தின் குற்றத்தை ஒப்புக்கொண்டு பிறருக்கு அந்த வாசலைத் திறந்துவைக்க வாதிட்டார். கே. எம். முன்ஷி ஒரு படி மேலே போனார்: அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும், பேச்சுரிமை இருக்கிற வரையில் எந்தச் சமூகமும் பிறரைத் தன் நம்பிக்கைக்கு அழைக்கலாம் என்றார்.

முன்ஷி சொன்னதில் ஒரு தத்துவமே அடங்கியிருக்கிறது. பேச்சுரிமை தரும் 19-ஆம் பிரிவும் சமய உரிமை தரும் 25-ஆம் பிரிவும் தனித்தனி அறைகள் இல்லை. நம்புவதற்கு முன் கேட்கவேண்டும். கேட்க வேண்டுமானால் யாராவது பேச வேண்டும். நாவலரும் வெங்கடாசல நாயகரும் அயோத்திதாசரும் இதை எழுதிவைக்காமலே செய்து காட்டியவர்கள்.

சென்னை மாகாணம் அடுத்த சில ஆண்டுகளிலேயே இந்த இரு உரிமைகளின் சோதனைக்களமும் ஆனது. பம்பாயிலிருந்து வந்த இடதுசாரி இதழான கிராஸ் ரோட்ஸை மாகாண அரசு தடைசெய்தது. 1950 மே 26 அன்று அந்தத் தடையை உச்ச நீதிமன்றத்தில் நீக்கி எழுதிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சென்னைக்காரர். அடுத்த ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு என்ற காரணத்தையும் பேச்சுரிமைக்கு வரம்பாகச் சேர்த்தது. 1953 மே மாதம் புத்தர் பிறந்தநாளில் திருச்சியில் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். கீழ்நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அந்தப் பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்று வழக்கைத் தள்ளின. 1958-இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் குறுகியது, ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எதுவும் சட்டத்தின் பாதுகாப்பில் வரும் என்று கண்டித்தது. ஆனால் காலம் கடந்துவிட்டதென்று வழக்கைத் தொடர மறுத்தது. பிள்ளையாரைக் கும்பிடுகிறவரின் வலியை அது பொருட்படுத்தியது, பெரியாரும் வீட்டுக்குத் திரும்பினார். சட்டநுணுக்கத்தில் அது முழுமையான தீர்ப்பாகாது. நடைமுறையில் நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

இன்னும் தெளிவான சோதனை பின்னால் வந்தது. ஒரே ஒரு கிராமத்திலே என்ற படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறை சொன்னது. தமிழ்நாட்டின் பொதுமனத்துக்கு நேர் எதிரான கருத்து. எனக்கும் உடன்பாடில்லாத கருத்து. உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது: போராட்டம் வெடிக்கும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்கினால் அது வன்முறைக்கு அரசு பணிவதாகும் என்றது. மாதொருபாகன் நாவலுக்காகத் திருச்செங்கோட்டில் நெருக்கப்பட்ட பெருமாள்முருகன் 2015-இல் எழுத்தாளராகத் தான் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் எழுதச் சொன்னது. அதிகாரிகள் நடத்திய சமாதானப் பேச்சு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பேச்சுரிமையில் தோற்றவரை வீட்டுக்கு அனுப்பிவைக்க நீதிமன்றம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது.

சமய உரிமையில் அப்படி நடக்கவில்லை. 1977 ஜனவரியில், நெருக்கடிநிலை நடைமுறையில் இருந்தபோது, ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தலைமை நீதிபதி ஏ. என். ராய் எழுதிய தீர்ப்பு மத்தியப் பிரதேசம், ஒரிசா மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்களை ஏற்றது. சமயத்தைப் பரப்பும் உரிமை என்றால் கொள்கையை எடுத்துச் சொல்வதுதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்றது. 1948 விவாதத்தின் மையமே இந்தக் கேள்விதான் என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சட்ட அறிஞர் எச். எம். சீர்வை அதைக் கடுமையாக விமர்சித்தார். எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தத் தீர்ப்பில் மதம் மாறுகிற ஆள் என்று ஒருவர் இல்லவே இல்லை. போதகர் இருக்கிறார், அரசு இருக்கிறது, பொது ஒழுங்கு இருக்கிறது. கேட்டு, யோசித்து, அப்பா அம்மாவோடு சண்டை போட்டு, முடிவெடுக்கிற மனிதரைக் காணோம். அவர் யாராலோ ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தப்படும் பொருளாகிவிட்டார்.

அந்த மனிதர்கள் நம்மூரில் கற்பனை அல்ல. 1981 பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தபோது நாடே கேட்டது, யார் பணம் கொடுத்தது என்று. அவர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டவர்கள் குறைவு. தேநீர்க்கடையிலும் தெருவிலும் காவல் நிலையத்திலும் நடந்த அவமானம்தான் அந்தக் காரணம். 2002 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைச் சட்டமாக்கியது. மதமாற்றச் சடங்கை நடத்துகிறவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுக்கவேண்டும் என்றது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மாற்றப்பட்டால் தண்டனை கூடுதல். பாதுகாப்பு போலத் தோன்றும் இந்தக் கூடுதலுக்குள், இவர்களுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் புத்தி குறைவு என்ற எண்ணம் இருக்கிறது. மில் நம்மைப் பற்றி எழுதியதை நாம் நம்மில் சிலரைப் பற்றி எழுதிக்கொண்டோம். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் ஆளுங்கட்சி ஒரு இடமும் பெறாமல் போன கையோடு அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நீதிமன்றத்தின் தத்துவம் செய்யாததை வாக்குச் சீட்டு செய்தது.

வேறு மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் கூடியிருக்கின்றன. உத்தரப்பிரதேசத்தின் 2021 சட்டப்படி மதம் மாற நினைப்பவர் 60 நாள் முன்னதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிக்கவேண்டும். எதிர்த்துத் தொடுக்கப்பட்ட மனுக்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்திருக்கின்றன. அவற்றைக் கேட்கும் நீதிபதிகளுக்கு உதவக்கூடிய தீர்ப்பு ஒன்று இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்திலிருந்து 2012 ஆகஸ்டில் வந்தது. அந்த மாநிலத்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முன்னறிவிப்பைக் கேட்ட பிரிவை நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருவர் எதை நம்புகிறார் என்பது அவருக்குள் நடக்கிற காரியம்; அதை அரசிடம் சொல்லாமலே இருக்க அவருக்கு உரிமை உண்டு; முன்கூட்டி அறிவிக்கச் செய்தால் ஊரார் அவரை மிரட்டவும் தடுக்கவும் வழிசெய்வதாகும் என்றது. ஸ்டானிஸ்லாஸ் தீர்ப்பில் காணாமல் போன அந்த மனிதர் இங்கே நீதிமன்ற ஏட்டுக்குள் திரும்ப வந்து நிற்கிறார், வாய் திறக்காமல் இருக்கும் உரிமையோடு.